பதினொரு பேரும் ஓர் ஊஞ்சலும்

கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "அரசாங்க ஆபீஸ்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார் அவர். இருபத்திரண்டு வருட அனுபவம் சொல்லிக்கொடுத்த பதில் இது. உண்மையைச் சொன்ன ஒரே ஒரு தடவை, பக்கத்து நாற்காலிக்காரர் தன் குழந்தையைத் தூக்கி மறுபக்கத்து மடியில் வைத்துக்கொண்டார். வேலை ஏதோ இருமலில் பரவும் என்பது மாதிரி.

வேலை இதுதான்: பாலியல் குற்றத்துக்காகச் சிறைக்குப் போய், தண்டனை முடிந்து வெளியே வருகிறவர்களை மேற்பார்வை செய்வது. எங்கே தங்குகிறார்கள், எங்கே வேலை பார்க்கிறார்கள், யாரோடு பழகுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பது. ஊருக்கு இவர்களை உள்ளே அனுப்பும் வரைதான் ஆர்வம். உள்ளே போனவர்கள் ஒரு நாள் வெளியே வருவார்கள் என்ற செய்தி மட்டும் ஒவ்வொரு தடவையும் ஊருக்குப் புத்தம் புதிதாக இருக்கும்.

அலுவலகத்தில் அவருக்கு 'பஸ் மேடம்' என்று பெயர். காரணம் இருக்கிறது. அங்கே திடீர் சோதனை என்று ஒரு நடைமுறை உண்டு. திடீர் சோதனைக்குப் போக வண்டி கேட்டுப் படிவம் கொடுக்க வேண்டும். படிவத்தில் மேலாளர் கையெழுத்துப் போட்டதும், சோதனைக்கு உள்ளாகப் போகிறவருக்கு மூன்று நாள் முன்னதாக ஒரு கடிதம் போகும். 'தங்கள் இல்லத்துக்குத் திடீர் வருகை தரவிருக்கிறோம், தவறாமல் இருக்கவும்.' இதனால் எந்தத் திடீர் சோதனையிலும் யாரும் வீட்டில் இல்லாமல் போனதில்லை. தரை பெருக்காமலும் இருந்ததில்லை. பஸ்ஸில் போனால் படிவம் தேவையில்லை. எனவே இருபத்திரண்டு வருடமாக அவர் பஸ்ஸில் போகிறார்.

அவருடைய பட்டியலில் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் ஒரே முகவரி. அதற்கும் காரணம் இருக்கிறது. குழந்தைகள் கூடும் எந்த இடத்திலிருந்தும் ஐந்நூறு மீட்டருக்குள் அவர்கள் குடியிருக்கக் கூடாது. விடுதலையாகும்போது ஆளுக்கொரு வரைபடம் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம், திடல், நீச்சல்குளம், நூலகம் எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்பு வட்டங்கள். எல்லா வட்டமும் போட்டு முடித்த பிறகு ஊரில் மிச்சம் இருந்தவை நான்கு: நீர்த்தேக்கத்தின் நடுப்பகுதி, நெடுஞ்சாலையின் நடுத்திட்டு, கல்லறைத் தோட்டத்தில் பாதி, டயர் கிடங்குக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். நீர்த்தேக்கத்துக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

லாட்ஜ்காரர் பெரிய மனது படைத்தவர் ஒன்றும் இல்லை. ரப்பர் நாற்றத்தில் வேறு யாரும் அங்கே தங்க மாட்டார்கள், அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே நாள் முழுக்கத் தேடுகிற மனிதர். பஸ் மேடம் படியேறும்போதே சொல்லிவிடுவார்.

"ரெண்டாம் நம்பர் ரூம் தூங்குது. ஏழாம் நம்பர் பெயின்ட் வேலைக்குப் போயிருக்கு. ஒன்பது காலையிலேருந்து யாரையோ திட்டிக்கிட்டு இருக்கு, போன்ல இல்ல, சுவத்தைப் பாத்து."

"நாலு?"

"நாலா? துணி மடிச்சு வச்சுக்கிட்டு இருக்காரு. அவருக்கென்ன மேடம், தங்கம்."

நான்காம் நம்பர் அறைக்காரரைப் பஸ் மேடம் மனதுக்குள் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார். முன்பு கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வீடு போய் டியூஷன் எடுத்தவர். கோப்பின் இரண்டாம் பக்கத்தில் மூன்று குழந்தைகளின் வாக்குமூலம் இருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் பஸ் மேடம் அந்தப் பக்கத்தை ஒரு தடவை படிப்பார். அதில் கிண்டல் செய்ய ஒன்றும் இல்லை.

அலுவலகத்துக்கோ கணக்கு மேல் கொள்ளைப் பிரியம். இடர் மதிப்பீடு என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. நேரத்துக்கு வருகிறாரா? மரியாதையாகப் பேசுகிறாரா? நிலையான முகவரி உண்டா? அறை சுத்தமா? இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே பிறந்தவர் அவர். பத்துக்குப் பத்து வாங்கினார். காலில் இருந்த கண்காணிப்புப் பட்டையைப் போன வருடம் கழற்றிவிட்டார்கள். மேலாளர் ஒரு கூட்டத்தில் அவரை முன்மாதிரி என்று குறிப்பிட்டார். எதற்கு முன்மாதிரி என்று யாரும் கேட்கவில்லை.

பஸ் மேடத்துக்குப் பயமே அவரைப் பார்த்துத்தான். மற்றப் பத்துப் பேரும் கெஞ்சுவார்கள், எகிறுவார்கள், பொய் சொல்லி மாட்டிக்கொள்வார்கள், அழுவார்கள். ஒன்பதாம் நம்பர் சுவரோடு சண்டை போடுகிறது என்றால் அது எங்கே நிற்கிறது என்பதாவது தெரிகிறது. கணக்கு எதுவும் கேட்டதில்லை. மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை, மாதாந்திர அறிக்கையை நீட்டியபடி, ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"மேடம், ஒரு பொது அறிவுக்காகக் கேக்கறேன். முகவரியே இல்லாதவங்க இருந்தா அவங்களை எப்படிப் பாப்பீங்க?"

"எதுக்கு?"

"சும்மாதான். வரைபடத்துக்குப் பின்னால பொடி எழுத்துல ஏதோ போட்டிருக்கு."

பதினொரு பேரில் அந்தப் பொடி எழுத்தைப் படித்தவர் அவர் ஒருவர்தான். அதிகாரிகளிலும் படித்தவர்கள் அநேகமாக இல்லை.

இந்த நிலைமையில் ஒரு வியாழக்கிழமை காலையில் மேலாளர் முகமெல்லாம் பல்லாக வந்தார். கையில் நகராட்சியின் கடிதம். டயர் கிடங்குக்கு வடக்கே கிடந்த காலி மனையில் குடியிருப்போர் சங்கத்தின் மனுவை ஏற்று ஓர் ஊஞ்சல் போடப் போகிறார்கள். ஒரே ஒரு ஊஞ்சல். அது போட்டதும் அந்த இடம் விளையாட்டுத் திடல் ஆகிவிடும். புதிதாக ஒரு வட்டம் விழும். லாட்ஜ் அதற்குள் வந்துவிடும். பதினொரு பேரும் பதினான்கு நாளில் காலி செய்ய வேண்டும்.

"எங்க போவாங்க சார்?"

"அது அவங்க பாடு. முகவரியற்றோர் பிரிவுல சேத்துக்கலாம். மாசம் ஒரு தடவை கவுன்டர்ல வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்."

"வீட்டுச் சோதனை?"

"வீடே இல்லையேம்மா. அந்தக் கட்டத்துல 'பொருந்தாது'ன்னு போட்டுடலாம். பொருந்தாதுன்னா கம்ப்யூட்டர் முடிஞ்சதா எடுத்துக்கும். நம்ம நிலுவை பூஜ்யம்."

"சார், இப்ப அந்தப் பதினொரு பேரும் எங்க தூங்கறாங்கன்னு எனக்குத் தெரியும். ஊஞ்சல் வந்தா மாசத்துல ஒரு அஞ்சு நிமிஷம்தான் தெரியும். மிச்ச நேரம்?"

"நீங்க எல்லாத்தையும் நெகடிவா பாக்கறீங்க," என்றார் மேலாளர். வட்டாரத்திலேயே முதலிடம் என்று வரப்போகும் அறிக்கை அவர் கண்ணில் மின்னியது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வேறு யாருமில்லை, பஸ் மேடத்தின் சொந்தத் தங்கை. தங்கையின் கணவர் கப்பலில் வேலை செய்கிறவர். வருடத்தில் எட்டு மாதம் கடலில். வீட்டில் தங்கையும் 'வாலு' என்று எல்லோரும் கூப்பிடும் ஒன்பது வயது மகளும் மட்டும். அன்று மாலை பஸ் மேடம் நேராக அங்கே போனார். தங்கை வரவேற்பறையில் அழைப்பிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊஞ்சலுக்குத் திறப்பு விழா வைத்திருக்கிறார்கள். வார்டு உறுப்பினர் முதலில் ஆடுவார்.

"வா அக்கா. திட்ட வந்தியா, வாழ்த்த வந்தியா?"

"உக்கார வந்தேன். கால் வலிக்குது."

"உனக்கு உன் ஆளுங்களைக் கிளப்பி விடறது கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா பிள்ளை பெத்தவ நான். பயமில்லாம தெருவுல விடணும்ல? நீ எப்பவும் அவங்க பக்கம்தான் பேசுவ."

"நான் எந்தப் பக்கமும் பேசல. மனுவைக் காட்டு."

தங்கை பெருமையோடு நகலை எடுத்துக் கொடுத்தாள். "எப்படி எழுதியிருக்கு பாரு. முதல்ல நாங்க எழுதினதைக் குப்பையில போட்டுட்டாங்க. இது போனதும் ஒரே வாரத்துல உத்தரவு."

பஸ் மேடம் படித்தார். இரண்டாம் பத்தியில் கண் நின்றுவிட்டது. ஊஞ்சலை மனையின் தென்கிழக்கு மூலையில்தான் நிறுவ வேண்டும் என்று மனு கேட்டிருந்தது. நடுவில் அல்ல, நிழல் இருக்கும் வடக்குப் பக்கத்தில் அல்ல, வெயில் கொளுத்தும் தென்கிழக்கு மூலையில்.

தூரத்தைச் சுவரிலிருந்து அளப்பதில்லை. விளையாட்டுச் சாதனத்திலிருந்து லாட்ஜ் வாசல்வரை நேர்கோட்டில் அளப்பார்கள். வரைபடத்துக்குப் பின்னால் பொடி எழுத்தில் உள்ள விஷயம் அது. வடக்குப் பக்கம் போட்டால் ஐந்நூற்றுப் பதினொரு மீட்டர், லாட்ஜ் தப்பித்துவிடும். தென்கிழக்கு மூலை என்றால் நானூற்றுத் தொண்ணூற்றாறு. சங்கத்துக்காரர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. அந்த வரைபடம் அதிகாரிகளிடம் இருக்கும்; பதினொரு பேரிடமும் இருக்கும்.

மனுவின் தலைப்புக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டிருந்தது. முப்பத்தாறு மாதாந்திர அறிக்கைகளில் அவர் பார்த்த அதே இரட்டைக் கோடு.

"யார் எழுதினது?"

"ரிட்டயர்ட் வாத்தியார் ஒருத்தர். பக்கத்துல எங்கயோதான் இருக்காராம். நாங்க மனையை அளந்துக்கிட்டு நின்னப்ப தானா வந்து பேசினாரு. என்ன மரியாதை தெரியுமா? உன் ஆளுங்களைப் பத்திச் சொன்னதும் அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நம்ம வாலு பின்னத்துல மார்க் வாங்கல. பேச்சுவாக்குல சொன்னேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து சொல்லித் தரேன்னாரு."

பஸ் மேடம் காகிதத்தை மடித்து மேசையில் வைத்தார். வாலு உள்ளறையில் எதையோ கீழே போட்டு உடைத்த சத்தம் கேட்டது.

"முன்ன பின்ன தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விடறியே."

"உனக்கு இந்த வேலை பாத்துப் பாத்துப் பாக்கறவன் எல்லாம் அப்படித்தான் தெரியறான். தபால்காரரையும் சந்தேகப்படுவ."

சொல்லிவிட முடியாது. பட்டியலில் இருப்பவரின் அடையாளத்தை வெளியே சொன்னால் வேலை போகும் என்பது சின்ன விஷயம். அதிகாரி விதியை மீறினார் என்று அதே காரணத்தைக் காட்டி, பிறகு அவர் மேல் போடும் வழக்கையே கலைத்துவிடுவார்கள். அந்த ஓட்டையை உலகத்தில் யார் கண்டுபிடிக்காவிட்டாலும் கணக்கு கண்டுபிடிப்பார்.

"சரி, நானும் சனிக்கிழமை வரேன். எனக்கும் பின்னம் வராது," என்றார்.

வெள்ளிக்கிழமை மேலாளரிடம் போனார். நிபந்தனை ஆறின்படி, குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அனுமதி வாங்காமல் கணக்கு கால் வைக்கக் கூடாது. நாளைக்கு வைக்கப் போகிறார். மேலாளர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"பத்துக்குப் பத்து வாங்கினவரும்மா."

"அதான் சார் சொல்றேன்."

"வெறும் கோட்டை வச்சு எப்படி? வேணும்னா ஒரு திடீர் சோதனை போட்டுடலாம். இன்னிக்குக் கடிதம் அனுப்பினா திங்கக்கிழமை போகலாம்."

"அவர் போறது நாளைக்கு."

"நாளைக்கு ஆபீஸ் லீவாச்சே," என்றார் மேலாளர், உண்மையான வருத்தத்தோடு.

சனிக்கிழமை ஒன்பதரைக்குப் பஸ் மேடம் தன் கணவரையும் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த காரில் கால் நூற்றாண்டாக யாரையும் நம்பாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர். விளக்கம் கேட்க மாட்டார்.

"வாலு, வண்டி ஓட்டக் கத்துக்கறியா?" என்றார்.

"எனக்கு லைசென்ஸ் இல்லையே பெரியப்பா."

"ஓட்டறவங்க யாருக்குமே இல்ல. அதனாலதான் என்கிட்ட வராங்க. ஏறு, ஹாரன் மட்டும் அடி."

தங்கை கோபப்பட்டாள். "அத்தான், பத்து மணிக்கு வாத்தியார் வராரு."

"ஒரு ரவுண்டு," என்றார் அத்தான். கார் போய்விட்டது. அது நாலு மணி வரைக்கும் திரும்பவில்லை.

பத்து மணிக்கு ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல் அழைப்பு மணி அடித்தது. இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. தங்கை உள்ளே வரச் சொன்னாள். அவர் வாசற்படியைத் தாண்டி, செருப்பை ஓரமாக இரட்டையாக விட்டு, உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்த பிறகுதான் எதிர் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்.

முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதைத்தான் பஸ் மேடம் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம் மேடம்."

"வணக்கம். உக்காருங்க, உக்காந்துட்டீங்களே. யார் கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

"இன்னிக்கு உங்களுக்கு லீவு. வண்டி எடுத்திருக்க மாட்டீங்க, படிவமும் இருக்காது. இந்தச் சோதனை செல்லாது."

"சோதனை யார் பண்ணா? இது என் தங்கச்சி வீடு. காபி குடிக்க வந்தேன்."

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, உனக்கு இவரைத் தெரியுமா?"

கணக்கு வீட்டை ஒரு சுற்று பார்த்தார். "குழந்தை இங்க இல்ல. இல்லாத குழந்தையோட தொடர்புன்னு எழுத முடியாது. நான் இந்தம்மாவைத்தான் பாக்க வந்தேன், மனு விஷயமா."

"பையில என்ன?"

"என்னோட நோட்டு."

பஸ் மேடம் கையை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. தங்கைதான் எட்டி எடுத்தாள். ஏன் என்று அவளுக்கே அப்போது தெரியாது. புதுக் கோடு போட்ட நோட்டு. சீவிய பென்சில் இரண்டு. அட்டையில் அழகான கையெழுத்தில் வாலுவின் முழுப்பெயரும் வகுப்பும் பிரிவும் எழுதி, கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு. வகுப்பையும் பிரிவையும் தங்கை அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

தங்கை அதைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பஸ் மேடம் அவசர எண்ணுக்குப் போன் செய்தார். இரண்டு போலீஸ்காரர்கள் வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் கணக்கு முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, "ஊஞ்சல் வேலை நிக்காதுல்ல?" என்று மட்டும் தங்கையிடம் கேட்டார்.

நிபந்தனை மீறலுக்குத் தண்டனை நான்கு மாதம். பஸ் மேடத்துக்கும் ஒரு குறிப்பாணை வந்தது: விடுமுறை நாளில், வண்டி கோராமல், முன்னறிவிப்பின்றி நடவடிக்கை எடுத்தது ஏன்? அவர் பதில் எழுதினார்: 'காபி குடிக்கப் போனேன்.' மேலாளர் அதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். முன்மாதிரியைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை.

தங்கை மூன்று நாள் அக்காவோடு பேசவில்லை. நான்காம் நாள் அலுவலக வாசலில் வந்து நின்றாள்.

"வியாழக்கிழமையே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"என்கிட்ட சொல்லல."

"சொல்லியிருந்தா அவர் இப்ப வெளியில இருப்பாரு."

"நாலு மாசம் கழிச்சு?"

"வருவாரு. லாட்ஜ் இருந்தா லாட்ஜுக்கு. ஊஞ்சல் இருந்தா எங்கன்னு எனக்குத் தெரியாது. பாலத்துக்கடியிலயும் இருக்கலாம், உன் தெருமுனையிலயும் இருக்கலாம். மாசம் ஒரு கையெழுத்து. அதுக்குத்தான் அவ்வளவு அழகா மனு எழுதினாரு."

"எத்தனை மீட்டர் தள்ளணும்?"

"பதினஞ்சு. வடக்கால."

தங்கை சங்கக் கூட்டத்தைக் கூட்டி நியாயமாகப் பேசிப் பார்த்தாள். ஊஞ்சலைக் கொஞ்சம் நிழல் பக்கம் போடலாம், அவர்கள் ஒரே இடத்தில் இருப்பதுதான் நமக்கு நல்லது, நம் கண்ணில் படுவார்கள் என்றாள். சங்கமே அவளைப் பார்த்து முகம் சுளித்தது. அக்கா வேலையைக் காப்பாற்றப் பேசுகிறாள் என்றார் பொருளாளர். குழந்தைகளின் பாதுகாப்பில் சமரசமே கிடையாது என்றார் துணைத்தலைவர். அவருக்குக் குழந்தைகள் கிடையாது. வார்டு உறுப்பினர் தென்கிழக்கு மூலையில் ஏற்கெனவே நின்று போட்டோ எடுத்துவிட்டார். தீர்மானம் தோற்றது.

மறுநாள் காலையில் தங்கை தெருவில் நான்கு வீட்டுக்குப் போய், தென்கிழக்கு மூலையில் பாம்பு பார்த்ததாகச் சொன்னாள். பெரியதா என்று கேட்டவர்களுக்குக் கையை விரித்துக் காட்டினாள். மதியத்துக்குள் பாம்பு இரண்டாகிவிட்டது. சாயங்காலம் பொருளாளரே நேரில் பார்த்திருந்தார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் நகராட்சி ஆட்கள் குழியைத் தூர்த்து, கம்பிகளைப் பிடுங்கி, வடக்குப் பக்கத்து நிழலில் நட்டார்கள். எந்தக் கூட்டமும் தேவைப்படவில்லை. வார்டு உறுப்பினர் காலை உயரத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்டம் ஆடினார்.

பஸ் மேடம் நாடாவோடு போய் அளந்து, ஐந்நூற்றுப் பதினொன்று என்று எழுதிக்கொடுத்தார். வட்டம் லாட்ஜைத் தொடவில்லை. காலி செய்யும் உத்தரவு ரத்தானது. மேலாளரின் திரையில் நிலுவையில் உள்ள வீட்டுச் சோதனைகள் திரும்ப முளைத்தன. அவர் அன்று சாப்பிடவே இல்லை என்று பியூன் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் மேடம் லாட்ஜுக்குப் போனார். ரெண்டாம் நம்பர் தூங்கிக்கொண்டிருந்தது. ஏழு, பெயின்ட் வேலையில். ஒன்பது, சுவரோடு சமாதானமாகி அழுதுகொண்டிருந்தது. அதன் அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். லாட்ஜ்காரர் நான்காம் நம்பர் அறையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தார். ரொம்பப் பெருக்க ஒன்றும் இல்லை.

"சிமென்ட் கம்பெனி சூப்பர்வைசர் ஒருத்தர் கேக்கறாரு மேடம். நாத்தம் பரவால்லன்னுட்டாரு. முதல் தடவையா ஒரு கௌரவமான ஆளு."

"குடுக்காதீங்க."

"ஏன்?"

"நாலு மாசத்துக்கு அது அப்படியே இருக்கட்டும். நான் எழுதித் தரேன், ஆபீஸ் பேர்ல."

லாட்ஜ்காரர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "அந்தாளுக்கா? அவ்வளவு பண்ணதுக்கப்புறமுமா? வேற எங்கயாவது போய்த் தொலையட்டுமே மேடம்."

பஸ் மேடம் அறையை எட்டிப் பார்த்தார். ஜன்னல் ஒன்று, வாசல் ஒன்று. வாசலுக்கு நேரே லாட்ஜ்காரரின் மேசை.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்றார். "வேற எங்கயும் வேண்டாம். எனக்கு அவர் இங்கதான் வேணும்."